அருந்ததிக்குப் பக்கத்தில் வெடித்த விண்மீன்: ஜொகூரிலிருந்து சூப்பர்நோவா பார்ப்பது எப்படி?

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் கல்யாண வழக்கம். பகல் முகூர்த்தம் என்றால் ஐயர் காட்டும் திசையில் வெறும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த அருந்ததி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் 2023 மே மாதம் ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியது தெரிந்தது. வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்திருக்கும் சாதாரண மக்கள் உலகெங்கும் அதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஜொகூர் வானத்திலும் அது தெரியும் இடத்தில்தான் இருந்தது.

சூப்பர்நோவா என்றால் என்ன?

நமது சூரியனைவிட ஏறக்குறைய எட்டு மடங்குக்கு மேல் கனமான விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் தன் கனம் தாங்காமல் உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. அந்த வேகத்தில் வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இது ஒரு வகை.

இன்னொரு வகையில், செத்துச் சுருங்கிய 'வெள்ளைக் குள்ளன்' என்னும் விண்மீன், பக்கத்துத் துணையிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டு ஓர் எல்லையை நெருங்கும்போது வெடிக்கிறது. அந்த எல்லை சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குச் 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து பிறந்தது அது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2023இல் நடந்தது

ஜப்பானின் யமகத்தா நகரைச் சேர்ந்த கொய்ச்சி இத்தகாக்கி சம்பளத்துக்கு வானம் பார்க்கும் விஞ்ஞானி அல்ல, ஆர்வத்தால் பார்ப்பவர். நூற்றுக்கும் அதிகமான சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். 2023 மே 19ஆம் தேதி, நம் நேரப்படி 20ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிவாக்கில், 'எம் 101' என்ற விண்மீன் மண்டலத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். அதற்கு 'எஸ்.என். 2023 ஐ.எக்ஸ்.எஃப்' என்று பெயரிடப்பட்டது.

அந்த மண்டலம் சுமார் 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அருந்ததியோ 80 ஒளியாண்டு சொச்சத்தில் இருக்கிறது. பார்வைக்குத்தான் இரண்டும் பக்கம் பக்கம். இருந்தாலும் சூப்பர்நோவா கணக்கில் இது அண்டை வீடு மாதிரிதான்.

விண்மீனின் ஒளியை எண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய ஒளி அதிகம். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும். இத்தகாக்கி கண்டபோது அது 14.9ஆக இருந்தது. சில நாட்களில் 11ஐத் தொட்டது. அதாவது முப்பது மடங்குக்கு மேல் பிரகாசம் கூடியது. இருட்டான இடத்தில் 6 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் போதும், கண்ணாலேயே பார்க்கலாம்.

'ஒன்றும் இல்லை' என்ற குறிப்புக்கும் மதிப்பு உண்டு

பெரிய ஆய்வுக்கூடங்கள் இருக்கும்போது நாம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆனால் வெடிப்பு எந்த மணி நேரத்தில் தொடங்கியது என்பதை அறிய, அதற்கு முன்னும் பின்னும் யாராவது அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2023இல் செய்தி பரவியதும், முந்தைய நாட்களில் எம் 101ஐத் தற்செயலாகப் படம் எடுத்திருந்த ஆர்வலர்கள் தங்கள் படங்களைத் தேடிப் பார்த்தார்கள். சிலவற்றில் எதுவும் இல்லை. சிலவற்றில் மங்கலான புள்ளி தெரிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் விஞ்ஞானிகள் வெடிப்பு நேரத்தை நெருங்கிச் சொன்னார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் 1987இல் கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், தெற்கு வானில் உள்ள 'பெரிய மெகல்லன் மேகம்' என்ற மண்டலத்தில், சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தூரத்து வெடிப்பு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அந்த வெடிப்பிலிருந்து வந்த நியூட்ரினோ துகள்களை ஜப்பானிலும் வேறு நாடுகளிலும் இருந்த கருவிகள் பதிவு செய்தன. அது நம் நேரப்படி பிப்ரவரி 23 பிற்பகல் 3.35 மணி. நியூசிலாந்தின் ஆர்வலர் ஆல்பர்ட் ஜோன்ஸ் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அதே பகுதியைப் பார்த்திருந்தார். புதிதாக எதுவும் தெரியவில்லை. அந்த 'ஒன்றும் இல்லை' குறிப்பு, துகள்கள் வந்து எவ்வளவு நேரம் கழித்து ஒளி பெருகியது என்பதைக் கணக்கிட உதவியது.

ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற தேவாலயப் போதகர், விண்மீன் மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே 40க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

ஜொகூருக்கு இருக்கும் வசதி

நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறோம். எம் 101 வடக்கு வானில் இருப்பது. நியூசிலாந்துக்காரர்களுக்கு அது எட்டாது. 1987 வெடிப்பு தெற்கு வானில் நடந்தது. ஜப்பான் யமகத்தாவில் அது அடிவானத்துக்கு மேல் வராது. ஜொகூரில் இரண்டு இடங்களும் தெரியும். எம் 101 வடக்கே சுமார் 37 பாகை உயரம் வரை ஏறும். மெகல்லன் மேகம் தெற்கே ஏறக்குறைய 19 பாகைதான். செம்பனை வரிசை மறைத்துவிடும். அதற்குத் திறந்த திடல் வேண்டும்.

இடையூறு வெளிச்சம்தான். ஜொகூர் பாருவில் நின்று தெற்கே பார்த்தால் சிங்கப்பூரின் வெளிச்சம் அடிவானத்தை விழுங்கிவிடுகிறது. மெர்சிங் பக்கம் போனால் வானம் கறுப்பாக இருக்கும். சிங்கப்பூர் ஆர்வலர்களும் அங்கே வருவது இதற்காகத்தான். லாபிஸ், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நல்ல இருட்டு மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்தில் லயத்து வாசலில் பாய் போட்டுப் படுத்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை விண்மீன் தெரிந்தது என்று சொல்வார்கள். வாசல் விளக்கை மேலே அடிக்காமல் கீழ்நோக்கி மூடி வைத்தாலே பாதி வானம் திரும்பக் கிடைக்கும்.

எப்படித் தொடங்குவது?

மே மாதப் பிற்பகுதியில் இரவு 11 மணியளவில் வடக்கு நோக்கி நில்லுங்கள். சப்தரிஷிக் கூட்டம் கவிழ்ந்த அகப்பை போலத் தெரியும். அதன் காம்பு நுனியிலிருந்து இரண்டாவது விண்மீன் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி. வசிஷ்டருக்கு வலப்பக்கம், ஏறக்குறைய அதே உயரத்தில், நுனி விண்மீனுக்குக் கீழே எம் 101 இருக்கிறது. மூன்றும் ஒரு முக்கோணம்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விடுங்கள். கைப்பேசி வெளிச்சத்தைச் சிவப்புத் தாளால் மூடுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது அல்லது பார்க்காதது அனைத்தையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியின் அளவை மதிப்பிடலாம். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் இதற்கான வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எந்த நாட்டவரும் தங்கள் குறிப்பை அதற்கு அனுப்பலாம்.

புதிய புள்ளி ஒன்று தென்பட்டால் அவசரப்பட வேண்டாம். பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நகர்ந்திருந்தால் அது சிறுகோளாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இருட்டைத் தேடித் தோட்டத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். கோத்தா திங்கி, குளுவாங், மெர்சிங் வட்டாரங்களில் காட்டு யானைகள் நடமாடுகின்றன. அனுமதி பெற்று, பள்ளித் திடலில் நாலு பேராகக் கூடிப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது எப்போது?

நமது சொந்தப் பால்வெளியில் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604இல் வந்தது. நாம் திருவாதிரை என்று கும்பிடும் செந்நிற விண்மீனும் ஒரு நாள் இப்படித்தான் வெடிக்கும். அது இன்றிரவும் நடக்கலாம், ஒரு லட்சம் ஆண்டு கழித்தும் நடக்கலாம். எம் 101 போன்ற அண்டை மண்டலங்களில் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. 2011இலும் அங்கே ஒன்று வெடித்தது. அடுத்தது வரும் இரவில் ஜப்பானில் மழை பெய்யலாம், ஆஸ்திரேலியாவை மேகம் மூடலாம். அன்று ஜொகூரில் ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலுமாகத் திடலில் நின்றால், அந்தக் குறிப்பு உலகத்துக்கே தேவைப்படும்.