500 மைல் மின்னஞ்சல்

500 மைல் மின்னஞ்சல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வட கரொலைனாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட மின்னஞ்சல் கோளாறு ஒன்றையும், அதன் காரணம் கண்டறியப்பட்ட விதத்தையும் குறிக்கும். அப்பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையிலிருந்து ஏறத்தாழ 500 மைல் (805 கிலோமீட்டர்) தொலைவுக்கு அப்பால் மின்னஞ்சல் செல்லவில்லை. அப்போது அங்கு மின்னஞ்சல் அமைப்பை நிர்வகித்து வந்த டிரே ஹாரிஸ் இந்நிகழ்வை 2002 நவம்பரில் எழுதி வெளியிட்டார். கணினி நிர்வாகிகள் இன்றும் இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

பின்னணி

மின்னஞ்சலை அனுப்பும் வழங்கி முதலில் பெறுநரின் வழங்கியுடன் ஓர் இணைப்பை ஏற்படுத்துகிறது. குறித்த நேரத்துக்குள் மறுமொழி வராவிடில் அம்முயற்சியைக் கைவிட்டுப் பின்னர் மீண்டும் முயல்கிறது. இந்தக் காத்திருப்பு நேரம் பொதுவாக நிமிடக் கணக்கில் இருக்கும். அடுத்த தெருவுக்கும் அடுத்த கண்டத்துக்கும் முறை ஒன்றே. ஆகவே மைல் கணக்கில் மின்னஞ்சல் நின்றுபோவது நடவாத செயல் என்றே எந்த நிர்வாகியும் எண்ணுவார்.

நிகழ்வு

புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, 500 மைலுக்கு மேல், அதாவது 520 மைல் அளவுக்கு அப்பால், அஞ்சல் செல்வதில்லை என முறையிட்டார். துறையினர் சில நாட்கள் தரவுகளைத் திரட்டிய பின்னரே முறையிட்டனர். புவிப்புள்ளியியலாளர் ஒருவர் அஞ்சல் சென்றடைந்த இடங்களை வரைபடமாகவும் வரைந்திருந்தார்.

ஹாரிஸ் நம்பாமல் தாமே சோதித்தார். ரிச்மண்ட், அட்லாண்டா, வாசிங்டன், பிரின்ஸ்டன் ஆகிய ஊர்களுக்கு அஞ்சல் சென்றது. மெம்பிஸ், பாஸ்டன், டெட்ராய்ட் ஆகியவற்றுக்குச் செல்லவில்லை. எல்லையை மேலும் நெருக்கியபோது, 420 மைல் தொலைவிலுள்ள நியூயார்க்குக்குச் சென்றது. 580 மைல் தொலைவிலுள்ள பிராவிடன்சுக்குச் செல்லவில்லை. அடுத்து, வட கரொலைனாவிலேயே வசித்தாலும் சியாட்டிலில் உள்ள வழங்கியில் கணக்கு வைத்திருந்த நண்பருக்கு அனுப்பினார். அதுவும் செல்லவில்லை. இச்சோதனையே முக்கியமானது. பெறுநர் இருக்கும் இடமன்று, அவருடைய வழங்கி இருக்கும் இடமே பொருட்படுத்தத்தக்கது என்பது இதனால் தெளிவாயிற்று.

காரணம்

சில நாட்களுக்கு முன்னர் வெளி ஆலோசகர் ஒருவர் அவ்வழங்கியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். அஞ்சல் மென்பொருளைத் தொடவில்லை என்று அவர் கூறியது உண்மையே. ஆனால் ஹாரிஸ் டெல்நெட் மூலம் அஞ்சல் வாயிலை அணுகியபோது, சென்ட்மெயில் 8 இருக்க வேண்டிய இடத்தில் பழைய சென்ட்மெயில் 5 மறுமொழி தந்தது. சன் நிறுவனம் அக்காலத்தில் தன் இயங்குதளத்துடன் பழைய பதிப்பையே வழங்கி வந்ததால், இயங்குதளத்தை உயர்த்திய செயல் அஞ்சல் மென்பொருளைக் கீழிறக்கிவிட்டது.

அமைவுக் கோப்பு மட்டும் மாறாதிருந்தது. அது எட்டாம் பதிப்புக்கு எழுதப்பட்டது. அதிலிருந்த நீண்ட பெயருடைய விருப்பத்தேர்வுகள், ஒற்றை எழுத்துத் தேர்வுகளையே அறிந்த ஐந்தாம் பதிப்புக்கு விளங்கவில்லை. அவற்றை அது பிழையெனக் கூறி நின்றிருந்தால் கோளாறு அன்றே பிடிபட்டிருக்கும். மாறாக, அமைதியாகத் தவிர்த்துவிட்டது. இதனால் இணைப்புக்கான காத்திருப்பு நேரம் சுழியம் ஆயிற்று. அவ்வழங்கியின் வழக்கமான வேலைப்பளுவில் சுழியம் என்பது நடைமுறையில் 3 மில்லி நொடிக்குச் சற்று மேல் என ஹாரிஸ் சோதனையில் கண்டார்.

வளாக வலையமைப்பு முழுவதும் சுவிட்சுகளால் ஆனது. வெளியே செல்லும் பொதி வளாகத்துக்குள் எந்தத் திசைவியிலும் காத்து நிற்கவில்லை. எனவே வேலைப்பளு குறைந்த வழங்கியை அடையும் நேரத்தைப் பெரும்பாலும் தொலைவே தீர்மானித்தது. 3 மில்லி நொடியில் ஒளி வெற்றிடத்தில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 559 மைல் (899 கிலோமீட்டர்) ஆகும்.

ஐயங்கள்

இக்கணக்கு இயற்பியல்படி முழுதும் பொருந்துவதில்லை. இணைப்பு ஏற்பட, பொதி சென்று மறுமொழி திரும்பவும் வேண்டும். மேலும், ஒளியிழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் மட்டுமே. இவ்விரண்டையும் கொண்டால் 3 மில்லி நொடியில் எட்டக்கூடிய எல்லை 300 கிலோமீட்டர், அதாவது 186 மைல், அளவே. 500 மைலை எட்ட ஏறத்தாழ 8 மில்லி நொடி வேண்டும். கோளாற்றின் காரணத்தை இது பொய்யாக்குவதில்லை. எண்ணை மட்டுமே ஐயத்துக்குள்ளாக்குகிறது. சுவைக்காகச் சில விவரங்களை மாற்றியதாகவும், தேவையற்றவற்றை விட்டுவிட்டதாகவும் ஹாரிஸ் தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டுள்ளார்.