டீசல் வண்டியின் ஆக்சிலரேட்டர்: கேபிளிலிருந்து சென்சாருக்கு

பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டர் காற்றின் வழியைத் திறக்கும். டீசல் என்ஜினில் அது எரிபொருளின் அளவைக் கூட்டும். ஜெர்மனியின் ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்த வேலை முழுக்க இரும்பால் நடந்தது. பெடலிலிருந்து கேபிளோ இணைப்புக் கம்பியோ பம்புக்குப் போகும். அங்கே கவர்னர் என்ஜினின் வேகத்துக்கேற்ப ரேக்கை நகர்த்தி டீசலை அளக்கும். கேபிள் அறுந்தால், புஷ் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியும். இந்தியாவில் 1951இல் தொடங்கிய, பெங்களூரைச் சேர்ந்த மைக்கோ நிறுவனத்தின் பம்புகள் பரவியபோது, பம்ப், நாசில் பழுதுபார்ப்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது.

புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அளக்கும் பொறுப்பு கம்ப்யூட்டருக்குப் போனது. அமெரிக்க லாரிகளில் டெட்ராய்ட் டீசல் 1985இலும், ஐரோப்பாவில் போஷ் 1986இலும் மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. அதன்பின் பெடல் டீசலை நேரடியாகக் கூட்டுவதில்லை. ஓட்டுநருக்கு எவ்வளவு தேவை என்று சொல்வதோடு சரி.

இந்த மாற்றத்தின் நடுவழியை 1998ஆம் ஆண்டின் நடுவில் வந்த, 24 வால்வு கம்மின்ஸ் என்ஜின் பூட்டிய டாட்ஜ் ராம் பிக்கப்பில் தெளிவாகக் காணலாம். பெடலில் பழைய கேபிளே இருந்தது. ஆனால் அது பம்புக்குப் போகாமல் பேட்டரிக்குக் கீழே என்ஜினோடு பொருத்திய சென்சாரில் முடிந்தது. சென்சாருக்குள் மின்தடைத் தடம் ஒன்றும், கால் எடுக்கப்பட்டதை உறுதிசெய்யும் சுவிட்ச் ஒன்றும் இருந்தன. தடம் தேய்ந்தாலோ இரண்டும் முரண்பட்டாலோ மிதித்தாலும் ரேஸ் ஏறாது. சில நேரம் ஐடிலிங்கிலேயே நின்றுவிடும். டீசல் வரத்தில் அடைப்பு என்று நினைத்து ஃபில்டரை மாற்றினால் பயனில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பெடலை மெல்ல அழுத்தும்போது வோல்டேஜ் எங்கும் துள்ளாமல் ஏறுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. புதிய சென்சாரைப் பொருத்தும்போது அதன் சீட்டில் அச்சிட்ட ஐடிலிங் வோல்டேஜுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பெடலை அடிவரை மெதுவாக மிதித்து விட்டால் கம்ப்யூட்டர் அதன் எல்லைகளைக் கற்றுக்கொள்ளும்.

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறை பரவியபோது கேபிளும் மறைந்து, சென்சார் பெடலோடு ஒன்றானது. அதில் இரண்டு தடங்கள். பல வண்டிகளில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதி: காலெடுத்த நிலையில் 0.7 என்றால் மற்றது 0.35. இந்த விகிதம் பிசகினால் கம்ப்யூட்டர் பி2138 என்ற பிழைக் குறியைப் பதிந்து வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். ஒரு கம்பி பழுதானால் வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான இந்த ஏற்பாடு, கேபிள் காலத்தில் இல்லாத பாதுகாப்பு.

பின்னர் வந்த ஹால் வகை சென்சாரில் காந்தம்தான் நகர்கிறது. உரசல் இல்லாததால் தேய்மானமும் குறைவு. அதை ஓம் அளந்து சோதிக்க முடியாது. சாவியை ஆன் செய்து வோல்டேஜ்தான் பார்க்க வேண்டும். இன்று பழுதானால் பெரும்பாலும் பெடலை முழுதாக மாற்றுகிறார்கள். அதற்குமுன் கனெக்டரின் பின்களில் பிடித்த பாசி, 5 வோல்ட் வரத்து, எர்த் மூன்றையும் பார்ப்பது அவசியம். அங்கே குறை இருந்தால் புதுப் பெடலிலும் அதே பிழைக் குறிதான் வரும்.