பெயரும் ஊரும்: பொது மேடையை நம்மவர் தேடி வந்த கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதாரண மக்கள் ஒரு பொது மேடையில் கலந்துகொள்வது ஏன்? அதில் கூலி இல்லை, பதவி இல்லை. பெரும்பாலும் பரிசும் இல்லை. இருந்தும் விடியற்காலையில் எழுந்து பால் மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள், இரவில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரிகைக்கு எழுதினார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், காரணம் அதைவிட ஆழமானது என்று தெரியும்.

நான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். நாற்சந்தி என்று பொருள்படும் அந்த ஊர், பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் இருக்கிறது. சுற்றிலும் பத்து காவான், புக்கிட் தம்பூன், சுங்கை பாக்காப், நிபோங் திபால். ஒரு காலத்தில் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் நம்மவர் கால் பதித்த தொடக்க இடங்களில் இதுவும் ஒன்று. கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்த முறை நின்றது. கங்காணி வழியாக ஆள் பிடிக்கும் முறை 1938 வரை நீடித்தது.

அந்தத் தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் பெரட்டு. கிராணி பெயரைக் கூப்பிடுவார். நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். அன்றைய தினம் அந்தத் தொழிலாளி மேலிடத்தின் முன் பேசக்கூடிய பேச்சு அவ்வளவுதான். துரை சொல்வார், கிராணி சொல்வார், கங்காணி சொல்வார், தண்டல் சொல்வார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவரைக் கேட்க யாரும் இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றையும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்தவர். அவரை ஆங்கில அரசு கைது செய்து நாடு கடத்தியது. வயிற்றுக்கு எவ்வளவு போராடினார்களோ, அவ்வளவு மரியாதைக்கும் போராடினார்கள் என்பதற்கு அந்தச் சைக்கிள் கோரிக்கையே சாட்சி.

பத்திரிகை அந்த மரியாதையைத் தரக்கூடிய இடமாக இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1880களிலேயே தமிழ்ப் பத்திரிகைகள் வந்துவிட்டன. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' 1887இல் தொடங்கியது. ஆனால் அந்தக் காலப் பத்திரிகைகள் பெரும்பாலும் வணிகர்களையும் படித்தவர்களையும் சுற்றியே இருந்தன. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் பிறந்து கோ. சாரங்கபாணியின் கைக்கு வந்த 'தமிழ் முரசு' ஆகிய இரண்டும்தான் தோட்டத்து லயங்கள் வரை சென்றன. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இப்படித்தான் வாசகர் ஆனார்கள்.

போருக்குப் பிறகுதான் பெரிய திருப்பம் ஏற்பட்டது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டங்களில் கெடுபிடி, பல இடங்களில் ஊரடங்கு. அந்தச் சூழலில், 1950, 51 ஆண்டுகளில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாகக் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம் சொன்னார்கள், பயிற்சி கொடுத்தார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பியதைப் படித்துத் தரம் பிரித்தார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றுபோன ஓர் இளைஞருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? தன் எழுத்தை இன்னொருவர் மெனக்கெட்டுப் படித்து, "இது சரி, இது சரியில்லை" என்று சொல்கிறார். திட்டினால்கூடப் பரவாயில்லை, பதில் வருகிறதே! மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் இந்த வகுப்புக்குத் தனி இடம் உண்டு.

அதே காலக்கட்டத்தில் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் தொடங்கியது. எழுதிய பிள்ளைகள் வெறும் எழுத்தோடு நிற்கவில்லை. ஆங்காங்கே ஒன்றுகூடி மன்றம் அமைத்தார்கள், பேச்சுப் போட்டி வைத்தார்கள், நாடகம் போட்டார்கள். பத்திரிகைத் தாளில் பெயரளவில் அறிமுகமானவர்கள் நேரில் நண்பர்களானார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நாடு முழுவதும் கிளை பரப்பிய தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கம். 1952இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளும் இப்படிப்பட்ட போட்டிகளுக்கும் மேடைகளுக்கும் வழி திறந்தது.

இதன் பலன் எங்கே தெரிந்தது? அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத மக்கள் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். 1956இல் அத்துறை அமைந்தது. பத்திரிகையில் பேச இடம் கொடுக்கப்பட்ட மக்கள், பத்திரிகை கைநீட்டியபோது தயங்கவில்லை. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தென்படுகின்றன.

முதலாவது, பெயர். கிராணியின் பதிவேட்டில் ஓர் ஆளாக இருந்தவர், பத்திரிகையில் பெயரும் ஊருமாக வந்தார். அவரோடு சேர்ந்து அவருடைய தோட்டமும் அச்சில் ஏறியது. பிற்காலத்தில் வானொலி நேயர் விருப்பத்தில் தன் பெயர் வாசிக்கப்படுவதற்காகக் குடும்பமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது, பதில். தன் சொல்லுக்கு ஒருவர் செவிகொடுத்து மறுமொழி தருவது. 1952 முதல் 1957 வரை 'தமிழ் நேச'னில் பணியாற்றிய எழுத்தாளர் கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தினார். அங்கே விமர்சனத்தைக் கேட்கவே மக்கள் கூடினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, உறவு. எங்கோ இருக்கும் ஒருவருக்கும் நம்முடைய கவலையே இருக்கிறது என்ற தெம்பு.

பரிசுக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டு. 1970களில் 'தமிழ் நேசன்' சிறந்த சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்து எழுத்தாளர்களை ஊக்குவித்தது. ஆனால் பவுன் சிலருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காதவர்களும் விடாமல் எழுதினார்களே, அவர்களை எந்தப் பரிசு இழுத்தது? அதே நேரத்தில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மேடைகளில் பெண்களின் குரல் குறைவாகவே ஒலித்தது. வெட்டுக்காட்டு வேலையும் வீட்டு வேலையும் முடித்த பெண்ணுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது?

இன்றைய நிலைக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் போய், தாமான்கள் எழுந்துவிட்டன. 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் பத்து காவானில் கரையேறிய பிறகு, சிம்பாங் அம்பாட் வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்து மக்கள், இன்று சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்தும் பக்கத்து வீட்டார் பெயர் தெரியாமல் வாழ்கிறார்கள். 'தமிழ் நேச'னும் 2019இல் நின்றுவிட்டது.

ஆனால் மேடை இல்லாமல் போகவில்லை. ஆலயக் கூட்டம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, குடியிருப்பாளர் சங்கம் இருக்கிறது. "கூப்பிட்டாலும் யாரும் வருவதில்லை" என்று பொறுப்பாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். வந்தவர்களைப் பேச விட்டோமா என்பதே என் கேள்வி. நான்கு பேர் மேடையில் அமர்ந்து மூன்று மணி நேரம் பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் "கேள்வி உண்டா?" என்றால், அது பழைய பெரட்டுதான், பந்தல் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கதை வகுப்பும் மணிமன்றமும் செய்ததை நாமும் செய்யலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறிப்பில் எழுதுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்லுங்கள். அவர் மறுமுறையும் வருவார். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வருவார்.