கேரமாண்ட் யார் செதுக்கிய எழுத்து?

உங்க லேப்டாப்ல எம்எஸ் வேர்ட் இருந்தா, ஃபான்ட் லிஸ்ட்ல 'கேரமாண்ட்' இருக்கான்னு பாருங்க. என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அதுலதான் அடிச்சேன். பழைய புத்தகம் மாதிரி ஒரு கெத்து!

க்ளோட் கேரமாண்ட் நிஜமான ஆள்தான். பாரிஸில் அச்செழுத்து செதுக்கியவர், 1561இல் இறந்தார். ஆனா வேர்ட்ல இருக்கிற அந்த ஃபான்ட்டோட மூலம் அவர் செதுக்கியது இல்லை.

அப்போ எழுத்து எப்படி உருவாச்சு? எஃகுத் துண்டின் முனையில், கண்ணாடியில் தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கணும். அதைச் செம்பில் அடிச்சா பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அச்சா வச்சு ஈயக் கலவையை ஊத்தினா அச்செழுத்து ரெடி. அச்சான பக்கத்தில் செதுக்கினவர் பேர் எங்கேயும் விழாது. செப்பு அச்சுகள் கை மாறும்போது பேரும் தொலைஞ்சு போகலாம்.

அப்படித்தான் ஆச்சு. ழான் ழானோன், செடான் நகரத்து அச்சுக்காரர். 1621இல் தன் எழுத்துகளை மாதிரிப் புத்தகமா வெளியிட்டார். அவருடைய அச்சுகள் பிறகு பாரிஸ் அரச அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துப் பார்த்தவங்க, "இது கேரமாண்ட்"னு முடிவு பண்ணிட்டாங்க. அதை நம்பி மோனோடைப் நிறுவனம் 1922இல் 'கேரமாண்ட்' வெளியிட்டது. வேர்ட்ல வந்தது அதோட வாரிசுதான்.

1926இல் 'தி ஃப்ளூரான்' இதழில் பால் போஜோன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பாரிஸ் மஸரின் நூலகத்தில் இருந்த அந்த 1621 மாதிரிப் புத்தகத்தோட ஒப்பிட்டு, இது ழானோன் எழுத்துன்னு நிரூபிச்சார். அசந்துபோன மோனோடைப், போஜோனுக்கு வேலை கொடுத்தது. வந்து நின்னது பியாட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண்! தொலைந்த பேரை மீட்டவர், தன் பேரை மறைச்சு ஆண் பேரில் எழுதியிருக்கார்.

உண்மை தெரிஞ்சு கிட்டத்தட்ட 100 வருஷம். ஃபான்ட் பேர் மட்டும் மாறலை.

போன மாசம் ஆபீஸ்ல ஒரு பழைய ஃபைலைச் சுத்தம் பண்ணினேன். மேலே கமெண்ட்ல யாரோ ஒருத்தர் பேர். வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, எதுக்குன்னு அழிச்சேன். இப்போ 'கிட் பிளேம்' போட்டா அந்த வரிகள்ல பாதி என் பேரைக் காட்டுது. இந்த எபிசோடுக்குப் படிச்ச பிறகு, அந்தப் பேரைத் திரும்பப் போட்டுட்டேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.