நம் மாநிலங்களவை உறுப்பினர் எப்படி வாக்களித்தார்? பதிவேட்டைப் படிக்கும் முறை

2025 ஏப்ரல் 4 அதிகாலையில் வக்ஃப் திருத்த மசோதா மாநிலங்களவையில் 128க்கு 95 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஹஜ்ரத், நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாங்க?" என்பதுதான். கேட்டவர்களின் செல்போனில் ஏற்கெனவே ஆளுக்கொரு பதில் இருந்தது. ஒன்றுக்கொன்று முரணான பட்டியல்கள். யார் தயாரித்தது என்று எதிலும் இல்லை. ஒரு செய்தி வந்தால் அதைக் கொண்டு வந்தவர் யார் என்று விசாரிக்கும் மரபில் வளர்ந்த நாம், இந்த விஷயத்தில் மட்டும் விசாரிப்பதில்லை. எனவே மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் பதிவேட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை இங்கே எழுதி வைக்கிறோம்.

மாநிலங்களவையின் இடங்கள் 245. இதில் 12 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறார்கள். மற்றவர்களை மாநில, யூனியன் பிரதேச சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். பதவிக்காலம் 6 ஆண்டு. நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பாதவர்கள் என்பதாலேயே இவர்களைப் பின்தொடர்ந்து கேள்வி கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலான மசோதாக்களுக்கு யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே கிடையாது என்பது. அவைத்தலைவர் ஆதரிப்போர் 'ஆம்' என்றும் எதிர்ப்போர் 'இல்லை' என்றும் சொல்லக் கேட்டு, எந்தக் குரல் ஓங்கியதோ அதை முடிவாக அறிவிப்பார். இது குரல் வாக்கெடுப்பு. அந்த முடிவை ஏற்காமல் உறுப்பினர் யாராவது டிவிஷன் கேட்டால்தான் மணி ஒலிக்கும், வாயில்கள் அடைக்கப்படும், இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, இரண்டும் இல்லை என்றால் மஞ்சள். அப்போதுதான் ஒவ்வொருவரின் பெயரும் அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் அதற்கு டிவிஷன் கட்டாயம். அங்கே பட்டியல் நிச்சயம் கிடைக்கும்.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. பெரும் அமளிக்கிடையே துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறியதாக அறிவித்தார். டிவிஷன் கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவர் தரப்பு விளக்கம். மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில்தான். நாடு முழுவதையும் தெருவுக்குக் கொண்டுவந்த ஒரு சட்டம் வந்தபோதும் போனபோதும் யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற பெயர்ப் பட்டியல் மாநிலங்களவையில் இல்லை. அந்தச் சட்டங்களுக்கு இவர் வாக்களித்தார் என்று யாராவது பட்டியல் காட்டினால், அது கட்சியின் நிலைப்பாட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, வெளிநடப்பு. நம் மக்கள் மிகவும் ஏமாறும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. அரசியல் சாசனத்தின் 100ஆவது பிரிவின்படி, சாதாரண மசோதாவுக்கு அவையில் இருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். வெளியே போனவர் கணக்கிலேயே வருவதில்லை. அவர் போனதால் மசோதா நிறைவேறத் தேவையான எண்ணிக்கை குறைகிறது.

2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. விவாதத்தில் மசோதாவை ஏற்காத அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் வாக்கெடுப்புக்கு முன் வெளியேறின. தெலங்கானா ராஷ்டிர சமிதி, தெலுங்கு தேசம், பகுஜன் சமாஜ் ஆகிய கட்சிகளும் வாக்களிக்கவில்லை. வித்தியாசம் 15 வாக்குகள். அதிமுகவுக்கும் ஐக்கிய ஜனதா தளத்துக்கும் இருந்த இடங்களைக் கூட்டினாலே 15ஐத் தாண்டும். அன்று பதிவானவை 183 வாக்குகள். காலியிடங்களைக் கழித்தாலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் பேசாமல் இருந்தன. மறுநாள் ஊருக்கு வந்து "நாங்கள் எதிர்த்தோம்" என்று சொன்னவர்கள் உண்டு. டிவிஷன் பட்டியலின் எதிர்ப்புப் பகுதியில் அவர்கள் பெயர் இல்லை. வராதவர், வெளியேறியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. முழு உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டு நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மஞ்சள் பொத்தானை அழுத்தியவர் பெயர் பதிவாகும், எழுந்து போனவர் பெயர் பதிவாகாது.

பேச்சும் வாக்கும் வேறு வேறாக இருப்பதும் உண்டு. குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று வந்தபோது, இலங்கைத் தமிழர்களையும் சேர்க்க வேண்டும் என்று கோரிய அதிமுக, வாக்கெடுப்பில் மசோதாவை ஆதரித்தது. அன்று அறிவிக்கப்பட்ட கணக்கு 125க்கு 105. அக்கட்சிக்கு அப்போது 11 இடங்கள், அதில் ஒருவர் முஸ்லிம். அந்த 11ஐ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்: 114க்கு 116. (இத்தகைய எண்களை அவைத்தலைவர் 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்ற குறிப்போடுதான் வாசிப்பார். பொத்தான் வேலை செய்யாதவர்கள் சீட்டில் எழுதித் தருவதுண்டு. அதனால் இறுதிக் குறிப்பில் எண்கள் மாறலாம்.)

அப்படியானால் அந்த ஒரு முஸ்லிம் உறுப்பினர் மட்டும் மாற்றி வாக்களித்திருக்கலாமே என்று நம்மில் பலர் கோபத்தோடு கேட்டார்கள். இங்கே நீதமாகப் பேச வேண்டும். 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், முன் அனுமதியின்றி வாக்களிக்காமல் இருந்தாலும், 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். பதவியை விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கொறடா உத்தரவு இருந்த வாக்கெடுப்பில் பெயர்ப் பட்டியல் காட்டுவது பெரும்பாலும் கட்சியின் முடிவைத்தான். கேள்வியின் பெரும்பகுதியைக் கட்சித் தலைமையிடம்தான் கேட்க வேண்டும். கொறடா இல்லாத இடத்தில்தான் தனி மனிதர் தெரிவார். வக்ஃப் மசோதாவை எதிர்ப்பதாக முதலில் அறிவித்த பிஜு ஜனதா தளம், வாக்கெடுப்பு நாளில் கொறடா உத்தரவு இல்லை, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அக்கட்சியின் 7 பேரில் ஒவ்வொருவரின் வாக்கும் அவரவர் பொறுப்பானது. பட்டியலைப் பெயர் பெயராகப் படிக்க வேண்டிய இடம் அது.

வாக்கு கட்சியுடையது என்றால், உறுப்பினரின் சொந்த உழைப்பை எங்கே பார்ப்பது? கேள்விகளில் பார்க்கலாம். மாநிலங்களவையில் நாளொன்றுக்கு 15 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 160 குறியிடாத கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம்; இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில் வரும். சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை ஏன் நிறுத்தப்பட்டது, ஹஜ் இடங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பது போன்றவற்றுக்கு அரசின் எழுத்துபூர்வ பதில் வேண்டுமானால் இதுதான் வழி. இதற்குக் கொறடாவின் தடையும் பொதுவாக இருப்பதில்லை. ஒருவர் 6 ஆண்டில் என்னென்ன கேட்டார் என்பதை நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரிட்டுத் தேடினால் பதில்களோடு எடுக்கலாம். பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு வருகை, கேள்வி, விவாதம் மூன்றையும் தொகுத்து வைத்திருக்கிறது.

வருகைச் சதவீதத்துக்கு நாங்கள் பெரிய மதிப்புத் தருவதில்லை. பதிவேட்டில் கையெழுத்திட்டால் அன்று வந்ததாகக் கணக்கு. எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்பது அதில் தெரியாது. அமைச்சர்கள் கையெழுத்திடுவதே இல்லை, ஆகவே அவர்களுக்குச் சதவீதமும் இல்லை.

தனிநபர் மசோதாவையும் பார்க்க வேண்டும். அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும் கொண்டு வரலாம்; பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுப்பார்கள். இதுவரை சட்டமானவை 14 மட்டுமே. 1970க்குப் பின் ஒன்றுகூட இல்லை. திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் நிறைவேறவில்லை. அந்த 14இல் முதலாவது, சையத் முஹம்மது அஹ்மத் காஸ்மி என்ற மக்களவை உறுப்பினர் கொண்டு வந்த முஸ்லிம் வக்ஃப் மசோதா. அதுதான் 1954ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டமாயிற்று.