மேலூர்க் கல் பிறந்த கதை

தொண்டிக் கரையில் கருங்கல்லைத் தேடிப் பயனில்லை. மணல், சேறு, அதற்கும் கீழே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கொச்சியில் புறப்பட்டு மூணாறு, மதுரை வழியாக வரும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில் முடிகிறது. அதில் மேற்கே போகப் போகத்தான் பாறை தலைகாட்டும். ஆனால் பாறையின் கதை சேற்றில்தான் தொடங்குகிறது.

அதற்குச் சாட்சி சிவகங்கையில் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. அது பழைய கடலடிச் சேற்றில் மக்கிய உயிர்களின் கரி என்பது பெரும்பாலான நிலவியலாளர்களின் கருத்து. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டுகள் முட்டி மோதிக் கோண்ட்வானா கண்டமாக ஒன்றுசேர்ந்தபோது, அந்தச் சேறும் மணலும் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் வெந்தன. மதுரை வட்டாரத்தில் சில இடங்களில் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டியது.

அந்தச் சூட்டிலும் பாறை முழுசாக உருகாது. எது முதலில் உருகும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. ஐஸில் உப்புப் பட்டால் சீக்கிரம் கரைவதை மீன் ஏலம் நடக்கும் கரையில் யாரும் பார்க்கலாம். பாறைக்குத் தண்ணீர் அப்படி. வறண்ட நிலையில் 950 டிகிரிக்கு மேல் கேட்கும் கிரானைட், அழுத்தத்தில் தண்ணீரோடு இருந்தால் 650 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கும். அமெரிக்காவின் டட்டிலும் போவனும் செய்து, 1958இல் வெளியான ஆய்வு இதை நிலைநாட்டியது. கிரானைட் உருகாமலே உண்டானது என்று வாதாடியவர்களின் குரல் அதன்பின் தணிந்துபோனது.

அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஏது? கருப்பு மைக்காவுக்குள் சுமார் 4 விழுக்காடு அடைபட்டிருக்கிறது. 800 டிகிரியை ஒட்டி மைக்கா சிதைந்து அதை விட்டுவிடும். பக்கத்துக் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உருகும். மைக்காவின் இரும்பும் மக்னீசியமும் கார்னெட் என்ற கனிமமாகத் திரளும்.

மதுரைக்கு அருகே மேலூர்ப் பக்கத்தில் வெட்டியெடுத்த, 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்கும் பலகையைக் (காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை) குனிந்து பாருங்கள். வெளிறிய கல்லில் அங்கங்கே சிவப்புப் புள்ளி. அதுதான் கார்னெட். கடைக்காரர் கிரானைட் என்பார். பாறையியலார், உருகலும் உருகாததும் கலந்த உருமாறிய பாறை என்பார்கள்.

உருகியது லேசானது, அதனால் மேலே ஏறும். போகும்போது தண்ணீரையும் எடுத்துப்போகும். ஆறுகிறவரை அங்கேயே தங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் கார்னெட்டைத் தின்று மறுபடி மைக்காவாக்கியிருக்கும். அந்தப் பலகை பதித்த சமையல் மேடையில் சிவப்பு அழியாமல் நிற்கிறதென்றால், உருகியதில் ஒரு பங்காவது தப்பிப் போய், வேறெங்கோ மெல்ல ஆறி, கிரானைட்டாகக் கெட்டிப்பட்டிருக்கிறது.