முறிவை அறியும் மொழி: மானிப்பாயும் டூட்டிங்கும்

தெற்கு லண்டன் டூட்டிங்கிலுள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தொடர்பு புலப்பெயர்வால் மட்டும் விளைந்ததன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஒரு நூலின் வழியே அது தொடங்கிவிட்டது. 1733இல் ஹைட் பார்க் கார்னரில் நிறுவப்பெற்ற அம்மருத்துவமனையில் உடற்கூற்றியல் கற்பித்த ஹென்றி கிரே, ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்களுடன் 1858இல் தம் நூலை வெளியிட்டார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால், அந்நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழானது. ராபர்ட் துரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867இலேயே 'இரண வைத்தியம்' என வெளிவந்திருந்தது.

ரொண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தது 1895இல். அதற்கு முன்னர் எலும்பு முறிவை அறியும் கருவிகள் கண்ணும் கையும் வினாவுமே. வீக்கம், உருக்கோணல், உறுப்புக் குறுகுதல், அசையலாகாத இடத்தில் அசைவு, முறிமுனைகள் உராயும் ஒலி ஆகியன சான்றுகளாயின. யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியரும் இவ்வாறே பார்த்தும் தொட்டும் கேட்டும் முடிவுசெய்தனர். நோயாளியின் மொழியிலேயே வினவும் மருத்துவரை உருவாக்கியதே கிரீனது பணியின் பெரும்பயன்.

ஊடுகதிர்ப் படம் வந்தபின்னும் வினாவின் இடம் குறையவில்லை. நோவும் கேடும் மிகும் என்பதால் உராய்வொலியை வலிந்து தேடும் வழக்கமே கைவிடப்பட்டது. 1992இல் கனடாவில் வெளியான ஒட்டாவா கணுக்கால் விதிகள், எவருக்குப் படம் தேவை என்பதை முடிவுசெய்ய இரண்டை நோக்குகின்றன: குறித்த எலும்புப் பகுதியைத் தொட்டால் வலிக்கிறதா, அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க முடிந்ததா. அடிபட்ட கணத்தில் நிகழ்ந்ததைப் படம் காட்டாது. நோயாளியோ உடனிருந்தவரோதான் சொல்ல வேண்டும்.

ஹைட் பார்க் கார்னர் மருத்துவமனை 1980இல் மூடப்பட்டு, அதன் பணி டூட்டிங்கில் நிலைபெற்றது. 1983க்குப் பின் பெருகிய ஈழத்தமிழர் புலப்பெயர்வில் டூட்டிங்கும் ஒரு குடியிருப்பாயிற்று. கிரேயின் நூலைத் தமிழில் கற்ற மண்ணின் மக்கள், கிரே பணியாற்றிய மருத்துவமனையின் வாயிலுக்கே வந்துசேர்ந்தனர். ஆனால் அங்கே வினா ஆங்கிலத்தில் எழுகிறது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழறிந்தவராயிருப்பது மட்டும் போதாது. விழுந்து கையை முறித்துக்கொண்ட மூதாட்டி 'விரல் விறைக்குது' என்றால், ஈழ வழக்கில் அது உணர்வு மரத்துப்போவதைக் குறிக்கும். தமிழகத்தார் செவிக்கோ விறைப்பு என்பது மடங்காமை. முறிவுக்குக் கீழே உணர்வு குன்றுதல், நரம்போ குருதியோட்டமோ பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான அவசர அடையாளம். அச்சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டால் விரைந்து செய்யவேண்டிய சிகிச்சை தாழ்க்கும்.

ஆகவே வட்டார வழக்கிலுள்ள நோவுச் சொற்களைத் தொகுத்தல் அகராதியியலுக்கு மட்டும் உரிய பணியன்று. மானிப்பாயில் நூலாய்த் தொடங்கிய அப்பணி, டூட்டிங்கின் அவசர சிகிச்சைப் பிரிவில் இன்னும் தேவைப்படுகிறது.